தாயின் வயிறும் பிள்ளையின் பல்லும்

(சேக்காட்டில் நடந்த கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கர்ப்பிணிகள் புளோரைடு சாப்பிட்டால் பிறக்கும் பிள்ளைக்குப் பல் சொத்தையாகாது என்று ஒரு கூட்டமும், புளோரைடு என்பதே விஷம், பற்பசையைத் தொடாதே என்று மற்றொரு கூட்டமும் சொல்லிக் கொண்டிருப்பதால், இதைப்பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் வைத்தியனல்ல. படித்தவர்கள் சோதித்து எழுதியதை வாசித்து, என் புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறேன்.

முதலாவதாக, நம் வீடுகளில் பல்லைப்பற்றி இருக்கிற ஞானம் என்ன? குழந்தைக்கு மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்கிறோம். பல் முளைப்பது பிள்ளையின் ஈற்றில். ஆபத்து மட்டும் எங்கோ இருக்கிற மாமனுக்காம்! அதற்குப் பரிகாரம் கேட்க ஜோசியனிடம் ஓடுகிறோமே தவிர, அதே பிள்ளை சர்க்கரைப்பால் புட்டியை வாயில் வைத்துக் கொண்டே ராத்திரி முழுதும் தூங்குகிறதே, அதை எடுத்து வைப்பாரில்லை. அன்றியும், பிள்ளைக்கொரு பல் தாய்க்குப் போகும் என்கிறோம். கர்ப்பத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவதும், மசக்கை வாந்தியின் புளிப்பு பல்லை அரிப்பதும் உண்மைதான். ஆனால் வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சுகிறது என்பது பொய்.

நிற்க. பால்பல் தாயின் வயிற்றில் நான்காம் மாதவாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்குகிறது. ஆகையால் தாய் விழுங்கியது பிள்ளையின் பல்லுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணியது அறிவுக்கு விரோதமானதல்ல. எண்ணியதோடு நில்லாமல் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1966-லேயே, பிள்ளையின் பல்லைக் காக்குமென்று சொல்லிக் கர்ப்பிணிகளுக்குப் புளோரைடு மருந்து விற்கக்கூடாதென்று அரசாங்கம் தடுத்தது. பிறகு 1997-இல் வெளியான பரீட்சையில், சில தாய்மார்களுக்குப் புளோரைடும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, பிள்ளைகளின் பல்லை ஐந்து வயது வரையில் பார்த்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் காணவில்லை. ஏனென்றால் புளோரைடு பல்லைக் காப்பது பெரும்பாலும் முளைத்த பல்லின்மேல் படுவதால்தான். ஆகவே கர்ப்பிணி பல் துலக்கப் பயப்பட வேண்டியதில்லை. பிள்ளையின் பல்லுக்கென்று புளோரைடு மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டியதில்லை.

அப்படியானால் விஷமென்பது முழுப்பொய்யா? அதுவுமல்ல. அளவு என்ன என்று கேட்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குப் போய்ப் பாருங்கள். பாறை நிலத்தடி நீரில் மிஞ்சிய புளோரைடைப் பிறந்தது முதல் எட்டு வயது வரை குடித்த பிள்ளைகளின் பல் பழுப்பேறிக் குழிவிழுந்து நிற்கிறது. தேய்த்தால் போகாது. அளவு அதிகமாகி வெகுநாள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். இதைக் கர்மபலன் என்று சொல்லுகிறவன், பக்கத்து ஊரில் வேறு தண்ணீர் குடித்தவனுக்கு ஏன் அந்தக் கர்மம் இல்லை என்று சொல்லட்டும்! சென்னை மாகாணத்தில் இந்நோய் உண்டென்று கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-லேயே எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் துவக்கப்பட்டதோ 2013-இல். நடுவில் 76 வருஷம்! அந்த 76 வருஷத்தில் எத்தனை கும்பாபிஷேகம், எத்தனை தேர்! பணமில்லாமலா போயிற்று?

பல் மட்டுமல்ல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள இடங்களில் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைந்து காணப்படுகிறதென்று, ஓரளவு உறுதியோடு, அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் சொல்லியிருக்கிறது. நம் இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு நீருக்கு வழியில்லாவிட்டால் 1.5 வரை.

இங்கே ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமென்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். தாய்ப்பாலில் அது மிகச் சொற்பம். புட்டிப்பாலுக்கு மாவு கரைக்கிற தண்ணீரில்தான் கவனம் வேண்டும். ஒரு புட்டி நீரைப் பரிசோதனைச்சாலையில் கொடுத்து அளவைக் கேளுங்கள். பற்பசை, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரப் படத்தில் பிரஷ் நீளத்துக்கு வைக்கிறானே, அது அவன் வியாபாரத்துக்கு. பிள்ளை துலக்கி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள். அந்த வேலையைத் தகப்பன்மாரும் செய்யலாம்.