முதுமையில் மனப்பதற்றமும் மறதி நோயும்

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை; ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதியில் 2,132 பேரைப் பல்லாண்டுகள் கண்காணித்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. நீடித்த மனப்பதற்றம் உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும், பதற்றம் நீங்கியோர்க்கு அத்தகைய மிகுதி இல்லை என்றும் அது கண்டது. பதற்றமே காரணம் என்பது இதனால் உறுதியாகிவிடாது. சிலரிடம் அது நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். எனினும், பதற்றத்திற்குச் சிகிச்சை உண்டு.

எனவே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதியோரின் இரத்த அழுத்தத்தை அளக்கும்போதே, ஓயாத கவலை உண்டா என்றும் வினவுதல் வேண்டும். ‘வயதானால் அப்படித்தான்’ என ஒதுக்குவது, காக்கும் வாய்ப்பைக் கைவிடுவதாகும்.