கரிசல் மண்ணும் பள்ளிக்கூட அஸ்திவாரமும்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே!

புதுப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று தீர்மானம் நிறைவேறியபின், நமது கூட்டங்களில் பேசப்படுவன வகுப்பறைகள் எத்தனை, முகப்பு எப்படி, கல்வெட்டில் யார் பெயர் என்பனவே. கட்டடம் எந்த மண்ணின்மீது நிற்கப் போகிறது என்ற கேள்வி அநேகமாய் எழுவதில்லை. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கரிசலின் குணத்தை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்தியைக் காப்பதும் அதுவே. சித்திரை வெயிலில் மாட்டின் குளம்பு புகுமளவு பாளம் பாளமாய் வெடிப்பதும் அதுவே. தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் வாய்ப்பாய் அமைந்த வறண்ட வானிலை இவ்வெடிப்பை இன்னும் ஆழமாக்குகிறது. ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் நீரை உறிஞ்சி உப்புகிறது. பயிருக்கு நன்மை செய்யும் இக்குணம் சுவருக்குப் பகை. சுவரோரத்து மண் ஆண்டுதோறும் ஏறியிறங்க, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், தளம் மேடிடும், கதவு சாத்த வராது.

“மாடியே இல்லாத கட்டடத்திற்கு இவ்வளவு அஸ்திவாரம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், விடையோ நேர்மாறானது. கனத்த கட்டடம் உப்பும் மண்ணை ஓரளவு அழுத்திப் பிடிக்கும். இலேசான ஓரடுக்குக் கட்டடத்தை அம்மண் தூக்கிவிடும்.

முதலில் இடம். விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தத்தம் பள்ளிகளுக்கு வேண்டியவற்றை மனமுவந்து அளித்தனர். அந்தத் தாராள மனம் இன்றும் நம் ஊர்களில் உண்டு. ஆயினும் நன்கொடையாக வரும் நிலம் கண்மாயை அடுத்த பள்ளமாயிருந்தால், நன்றி கூறி வேறிடம் கேட்பதில் தவறில்லை. ஊரின் ஒரு கோடியில் கரிசலும் மறு கோடியில் செவலும் இருந்தால் செவலையே தேர்ந்தெடுப்போம். பட்டாசு ஆலைகளுக்கு எட்டி இருக்க வேண்டுமென்பதைச் சிவகாசிப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டுமா?

அடுத்தது மண் சோதனை. உலர்த்திப் பொடித்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றி 24 மணி நேரம் வைப்பர். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 12 மில்லியாகவும் நீரில் 24 மில்லியாகவும் மண் நின்றால், உப்பல் 100 விழுக்காடு என்று பொருள். 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரத்தை நம்ப வேண்டாம்.

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே உருவாக்கிய முறை ஒன்று உண்டு. ‘அண்டர் ரீம்டு பைல்’ என்பர். தரையில் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் துளையிட்டு, அடியில் குடம்போல் அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் இடுவது. தண்டு 30 செ.மீ. என்றால் குடம் 75 செ.மீ. அந்த ஆழத்தில் கோடையும் மழையும் மண்ணை அதிகம் அசைப்பதில்லை. இத்தூண்களின் தலைகளைக் கான்கிரீட் உத்திரம் இணைக்கும். உத்திரத்துக்கும் தரைக்கும் இடையே சுமார் 8 செ.மீ. வெற்றிடம் விடுவது மண் உப்ப இடம் தருவதற்காக. அதைக் குறையென்று எண்ணிக் கொத்தனார் மண்ணிட்டு அடைத்துவிட்டால் செய்த செலவெல்லாம் வீண்.

வகுப்பறைத் தளத்துக்கடியில் கரிசலைச் சுமார் ஒரு மீட்டர் அகற்றி, உப்பாத செம்மண் கிராவலை மெல்லிய அடுக்குகளாய் இட்டு, நீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். வானம் தோண்டி வெறும் மணலை நிரப்பும் பழைய வழக்கத்தில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. புகுந்த நீரை அம்மணல் தேக்கி அடிமண்ணுக்கே ஊட்டும்.

கட்டி முடித்தபின்னும் நீரே எதிரி. சுவரைச் சுற்றி வெளிச்சாய்வான சிமெண்டுத் தளம் வேண்டும். சத்துணவுத் தட்டு கழுவும் இடமும் குடிநீர்க் குழாயும் சுவரை ஒட்டி வேண்டாம். வேம்பு நடுவதாயின், அது வளரக்கூடிய உயரத்தளவு தள்ளி நடுங்கள்.

செலவு கூடுமே என்பீர்கள், கூடும். முகப்பு வளைவை விட்டுவிடலாம். அஸ்திவாரத் தொகையில் கைவைக்க நாம் இணங்கலாகாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். இடைவேளை மணி அடித்தால் நம் பிள்ளைகளும் சுவரோரத்தில்தான் கூடுகிறார்கள்.

ஆகவே கான்கிரீட் ஊற்றும் நாளில் உறுப்பினர் இருவராவது உடனிருந்து, துளைக்குள் கயிறு விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். மழை தொடங்குமுன் குழி தோண்டி, மேல்மண்ணை விலக்கி, மீட்டருக்கு ஒரு பையாக மண் எடுத்து, ஊர்ப் பெயரும் ஆழமும் எழுதி ஒன்றியப் பொறியாளரிடம் சேர்ப்பியுங்கள். சோதனைக்கு அனுப்பும் பொறுப்பு எங்களுடையது.