பனியில் விளையும் சுவை



இத்தாலி நாட்டின் வடமேற்கில் பியட்மாண்ட் என்னும் குன்றுநாடு இருக்கிறது. அங்கே பரோலோ என்னும் ஊரைச் சூழ்ந்த சரிவுகளில் நெபியோலோ என்ற திராட்சை விளைகிறது. மூடுபனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர். பழைய முறையை விடாத குடும்பத்தார் திராட்சைச் சாற்றைத் தோலோடு பல வாரங்கள் ஊறவிடுவர். பின்னர் பெரிய மரப்பீப்பாய்களில் முதிரவைப்பர். 38 மாதங்கள் நிறையுமுன் அச்செம்மதுவைப் பரோலோ என்று விற்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. குப்பியின் மேல் ஊரின் பெயரோடு குடும்பத்தின் பெயரும் விளங்கும்.

மூடுபனி என்றதும் நமக்கு நுவரெலியாவும் ஹட்டனும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? மண்ணும் காற்றும் கைப்பழக்கமும் கூடி நம் மலைநாட்டிலும் ஒரு பானம் உருவாகிறது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின் மலைகளெங்கும் தேயிலையே பரவியது.

ஹட்டனைச் சூழ்ந்த திம்புள்ளப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும். அப்போது கொழுந்து மெல்ல வளரும்; மணம் அதில் செறியும். ஊவாவுக்கோ ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள காலமே சிறந்தது. ஒரே தீவில் மலைக்கு மலை சுவை மாறுவது இவ்வாறுதான்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவர். முற்றிய இலை கலந்தால் தரம் கெடும். அங்கே 12 முதல் 18 மணி நேரம் வாடிய கொழுந்தை உருளை இயந்திரங்கள் முறுக்கிப் பிசையும். சாறு கசிந்த இலை, காற்றுப்பட்டுச் செம்பு நிறம் கொள்ளும். இதனைப் புளிக்கவைத்தல் என்று சொல்வது வழக்கம். ஆனால் திராட்சைச் சாற்றை மதுவாக்கும் ஈஸ்ட் இங்கு வேலை செய்வதில்லை. இலையிலுள்ள நொதிகளும் காற்றிலுள்ள ஆக்சிஜனுமே இம்மாற்றத்தைச் செய்கின்றன. எந்தக் கணத்தில் அதை நிறுத்தி இலையைச் சூட்டில் உலர்த்துவது என்பதைத் தேயிலை ஆக்குபவர் நிறத்தாலும் மணத்தாலும் அறிவார். நான்கரை கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை ஆகும்.

1883ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் தேயிலை தோட்டத்தின் பெயரால் விலைபோகிறது. தோட்டத்தின் பெயர் உலகறியும். கொழுந்து பறித்த குடும்பத்தின் பெயரை யார் அறிவார்? பரோலோவிலும் கூலிக்குக் கனி கொய்வோர் உண்டு. ஆயினும் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழிலைச் சொந்த மண்ணில் செய்யும் குடும்பங்கள் பல. நம் மலைகளிலோ, நான்கைந்து தலைமுறையாக ஒரே மலையில் கூடை சுமந்த குடும்பங்களுட் பலவற்றுக்கு அம்மலையில் ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணிகளில் தனி வீடுகள் சில எழுந்துள்ளன; லயத்து அறைகளிலேயே வாழ்வோர் இன்னும் பலர்.

எந்தக் கொழுந்தைப் பறிப்பது, எதை விடுவது என்பதைத் தாயின் பக்கத்தில் நின்று மகள் கற்றுவந்தாள். இன்று அம்மகள் வேறு பிழைப்பைத் தேடிக் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போகிறாள். அவளைக் குறை கூறுவது முறையாகாது. நிலமும் வீடும் மதிப்பும் இல்லாத இடத்தில் தொழிலை மட்டும் எப்படிப் பரம்பரைச் சொத்தாகக் கொடுப்பது? தேயிலையின் சுவையைக் காக்க விரும்புவோர், அதைப் பறிக்கும் குடும்பம் சொந்த மண்ணில் வேரூன்ற வழிசெய்யவேண்டும். தோட்டத்தின் பெயரோடு அவர்களுடைய பெயரும் வழங்கும் நாள் வரட்டும்.