சிறு சூரியத் தகடும் வீட்டுப் பாட்டரியும்

(உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன்; மின்சாரம் என் பாடமன்று. ஆயினும் பயிற்சி வகுப்புகளில் பயிர் பற்றிய கேள்விகள் முடிந்த பின்னர், "சின்னதாக ஒரு சோலார் பேனல் வாங்கி மோட்டார் கொட்டகையில் விளக்குப் போடலாமா?" என்று கேட்பவர் பலர். இரவில் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று கொட்டகையில் காத்துக் கிடப்பவருக்கு, காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கவேனும் ஒரு விளக்கு தேவை. ஆகவே கேள்வி நியாயமானதே.

போடலாம். நல்ல தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஆனால் அதனுடன் வாங்கும் பாட்டரி, கவனிப்பாரில்லாவிட்டால் ஓராண்டிலேயே செத்துப்போகும். போட்ட பணத்தில் பெரும்பங்கு அதனோடு போகும். எனவே தகட்டைவிடப் பாட்டரியைப் பற்றியே இங்கு அதிகம் கூறுகிறேன்.

கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி செலவு. கைபேசிக்கு 15 சேருங்கள், மொத்தம் 65. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் வெயிலே இராது. அதற்கு 130 வாட்-மணி கையிருப்பு வேண்டும். ஈய-அமிலப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கலாகாது, ஆகவே 260. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி வருகிறது. 26 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்று போதும்.

இதற்கு 40 வாட் தகடு பொருந்தும். நம் பக்கத்துத் தெளிந்த வெயில் நாள், உச்சி வெயில் 5 மணி நேரம் அடித்ததற்குச் சமம். கணக்குப்படி 200 வாட்-மணி வரவேண்டும். சூடு, தூசு, கம்பி, பாட்டரி ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 130 நிற்கும். அன்றாடச் செலவு போக மீதி 65, மழை நாளில் பட்ட கடனை அடைக்கும். 40 வாட் தகடு ஒன்றுக்குப் பதில் ஒரே வகையான 20 வாட் தகடுகள் இரண்டு இருந்தால், கூட்டல் முனையைக் கூட்டல் முனையோடும் கழித்தல் முனையைக் கழித்தல் முனையோடும் சேர்த்து இணையுங்கள். வோல்ட் மாறாது, ஆம்பியர் கூடும்.

பழைய டிராக்டர் பாட்டரி சும்மா கிடக்கிறதே என்று அதில் 10 வாட் தகட்டை மாட்டுகிறார்கள். இது ஏரிக்குச் செம்பால் நீர் இறைப்பது போன்றது. அந்தத் தகடு உச்சி வெயிலிலும் அரை ஆம்பியருக்குச் சற்று மேல்தான் தரும். மேலும் டிராக்டர் பாட்டரி, வண்டியைக் கிளப்ப ஒரு கணம் மிகுந்த மின்சாரம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. இரவெல்லாம் விளக்கெரித்துத் தினமும் இறக்கினால் அது தாங்காது. இவ்வேலைக்கு ஆழமாக இறங்கி ஏறும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பாட்டரியைக் கொல்வன இரண்டு. ஒன்று, முழுவதும் இறக்கி அப்படியே போட்டுவைப்பது. இறங்கும்போது உள்தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. உடனே ஏற்றினால் கரையும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப்போகும், பின்னர் ஏற்றினாலும் ஏறாது. மற்றொன்று, நிறைந்த பின்னும் ஏற்றிக்கொண்டே இருப்பது. 12 வோல்ட் என்று விற்கும் தகடு, சுமையில்லாதபோது 21 வோல்ட் வரை காட்டும். பாட்டரிக்கு ஏறக்குறைய 14.4 வோல்ட்டே எல்லை. அதற்கு மேல் போனால் உள்ளே உள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். நீர்மட்டம் தாழ்ந்து தகடுகள் காயும்.

இவ்விரண்டையும் தடுப்பது சார்ஜ் கண்ட்ரோலர் என்னும் சிறு பெட்டி. தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே இதைப் பொருத்த வேண்டும். விளக்கையும் இதன் வழியாகவே இணையுங்கள். அப்போதுதான் பாட்டரி மிகவும் இறங்கும்போது இது விளக்கைத் துண்டிக்கும். இரவில் பாட்டரி மின்சாரம் தகட்டுக்குத் திரும்பாமலும் பார்த்துக்கொள்ளும். இதை மிச்சம் பிடிக்க நினைப்பது விதை நேர்த்தி மருந்தில் மிச்சம் பிடிப்பது போன்றதுதான். முதலில் பாட்டரியையும் பிறகு தகட்டையும் இதனுடன் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் தகடு. லித்தியம் பாட்டரி வாங்கினால் அதற்கென்று அமைத்த கண்ட்ரோலரே வேண்டும்.

கம்பியில் சிக்கனம் கூடாது. 10 மீட்டர் தூரத்திற்கு அரைச் சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பி போட்டால், 40 வாட் தகட்டின் மின்சாரத்தில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் அரை வோல்ட்தான் குறையும். பாட்டரியின் கூட்டல் முனையருகே ஒரு பியூஸ் அவசியம். 12 வோல்ட் ஆளை அடிக்காதுதான். ஆனால் இரு முனைக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் தீப்பொறி பறக்கும், கையும் வெந்துபோகும். ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது. ஆகவே பாட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அருகே பீடி வேண்டாம்.

தகட்டைத் தெற்கு நோக்கி, 10 முதல் 15 பாகை சாய்வாக நிறுத்துங்கள். ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே விளைச்சல் வெகுவாகக் குறையும். காக்கை எச்சமும் அப்படியே. காலையில், தகடு சூடேறுமுன் துடையுங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துச் சில மணி நேரம் கழித்து, பொழுது விடியுமுன் பாட்டரியை அளந்தால் 12.7 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நிறைந்துள்ளது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் இரண்டு நாளைக்கு விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றும் வகையானால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரின் உப்பு பயிருக்கே ஆகாத ஊர்களில் பாட்டரிக்கு எப்படி ஆகும்? அமிலமும் ஊற்றலாகாது. அமிலம் மேலே பட்டால் உடனே நிறைய நீரால் கழுவுங்கள்.

உழவியல்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். செத்த பாட்டரியை உடைத்து அமிலத்தை வரப்போரம் கொட்டாதீர்கள். அதோடு வரும் ஈயம் மண்ணைவிட்டுப் போகாது; கீரையிலும் கிழங்கிலும் ஏறும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். உடைக்காமல் கடைக்காரரிடமே கொடுங்கள். பழைய பாட்டரிக்கு உரியதைப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்.