நிசேயாவில் நடந்தது என்ன?



ஈஸா (அலை) அவர்கள் யார் என்பதில் ஆதிக் கிறிஸ்தவர்களே ஒருமித்திருக்கவில்லை. இறைமகன் என அவர்கள் கூறுபவர் படைக்கப்பட்டவரே, பிதாவைப் போல் ஆதியற்றவர் அல்லர் என்று அலெக்சாந்திரியாவின் மதகுரு ஆரியஸ் வாதிட்டார். பிணக்கு முற்றவே, கி.பி. 325இல் பேரரசர் கொன்ஸ்டன்டைன் நிசேயாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், ஆயர்களைக் கூட்டினார். ஆரியஸ் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் சர்ச்சை ஓயவில்லை. பேரரசரின் மகன் கொன்ஸ்டான்டியஸோ ஆரியஸ் தரப்பினரையே ஆதரித்தார்.

நான்கு சுவிசேஷங்களும் அச்சபையிலேயே தெரிவு செய்யப்பட்டன என எம்மவர் சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு கூறியவன்தான். அது வரலாறன்று. சபை வகுத்த 20 விதிகளில் அதுபற்றி எதுவுமில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகர ஆயர் இரேனியஸ் அந்நான்கையும் பெயர் குறித்து எழுதிவிட்டார். எமது ஈமானுக்கு அல்குர்ஆன் போதும்; தவறான தகவலொன்று அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அயலிலுள்ள கிறிஸ்தவ சகோதரர் இவ்விதிகளை எடுத்துக் காட்டினால் எம் முகத்தை எங்கே வைப்பது?

ஆரியஸை முஸ்லிமாகச் சித்திரிப்பதும் பொருந்தாது. அந்த மகன் வாயிலாகவே இறைவன் உலகைப் படைத்தான் என்பது அவரது கொள்கை. அதை எந்த முஃமின்தான் ஏற்பார்?