பந்தும் வதந்தியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரான நம் ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு ‘இளைஞர்களும் விளையாட்டும்’ என்பதாகும். விளையாட்டினால் உடல் வலுப்பெறும், உள்ளம் தெளிவடையும் என்று பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் பேசியிருக்கிறேன். அதையே இங்கும் பேசி அமர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நடந்த ஒரு கால்பந்தாட்டத்தில் நான் நடுவராக இருந்தேன். அன்று நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நம் தெருப் பையன் ஒருவன் எதிரணிப் பையனின் முழங்காலில் உதைத்தான். நான் விசில் ஊதுவதற்குள் அடிபட்டவன் எழுந்து திருப்பி உதைத்தான். இருவரையும் வெளியேற்றினேன். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் தம் கைபேசியில் அந்த இரண்டாவது உதையை மட்டும் படம்பிடித்திருந்தார். ‘நம் பிள்ளையை அடிக்கிறார்கள்’ என்ற ஒரு வரியுடன் அது தெருத்தெருவாகப் பரவியது. மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது முப்பது நாற்பது பேர் சாலையில் நின்றார்கள். எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு கூட்டம். ‘முதலில் உதைத்தவன் நம் பையன்தான்’ என்று நான் சொன்னேன். ‘சார், நீங்கள் யார் பக்கம்?’ என்று என்னிடம் படித்த மாணவர் ஒருவரே கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரு தரப்புப் பெரியவர்களும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்திய பிறகுதான் கூட்டம் கலைந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கக்கூடும் என்பதைத்தான் நாம் மறந்துவிடக் கூடாது.

ஏனெனில், வேறு இடங்களில் ஆகியிருக்கிறது. 1980 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆம் நாள் கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் திடலில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே ஆட்டம் நடந்தது. களத்தில் இரு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டனர். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். இரு அணி ரசிகர்களும் கலந்து அமர்ந்திருந்த மேடையில் கைகலப்பு மூண்டது. கல்லெறிக்கும் அடிதடிக்கும் அஞ்சி ஓடியவர்கள் நெரிசலில் சிக்கினர். 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்க வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. ஒருவரையொருவர் வெளியேற்றிய அந்த இரு உதைகளுக்கும், நான் நடுவராக நின்ற ஆட்டத்தின் இரு உதைகளுக்கும் வேறுபாடு ஏதுமில்லை என்பதை எண்ணும்போது உடல் நடுங்குகிறது.

அன்பர்களே, கூட்டத்தின் கோபம் ஒருபுறமிருக்க, அதைப் பற்றிச் செய்தி சொல்கிறவர்களின் பிழை மற்றொருபுறம் நிற்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ திடலில் பெரும் நெரிசல் ஏற்பட்டது. அதில் உயிரிழந்தோர் எண்ணிக்கை இன்று 97 என்று கொள்ளப்படுகிறது. நான்கே நாளில் ‘தி சன்’ என்ற நாளிதழ், லிவர்பூல் ரசிகர்கள் இறந்தவர்களின் பைகளில் திருடினார்கள் என்றும், மீட்பு வேலை செய்த காவலர்களைத் தாக்கினார்கள் என்றும் முதல் பக்கத்தில் எழுதியது. தலைப்பு என்ன தெரியுமா? ‘உண்மை’! பிள்ளைகளை அடக்கம் செய்துகொண்டிருந்த பெற்றோர் அதைப் படித்தார்கள். அக்குடும்பங்கள் கல்லெறியவில்லை, ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைக் கேட்டுப் போராடின. 2012 இல் தனிக்குழு ஒன்று அந்தக் குற்றச்சாட்டுகள் பொய்யென வெளிப்படுத்தியது. அந்த நாளிதழும் மன்னிப்புக் கேட்டது. 2016 இல் விசாரணை மன்ற நடுவர்கள், ரசிகர்கள் மீது தவறில்லை என்றும், இறந்தவர்கள் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும் தீர்ப்பளித்தனர். ஒரு நாள் பொய்யை நீக்க 27 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நம்மைப் பற்றி ஊடகங்கள் ஒருதலையாக எழுதுகின்றன என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். அந்தக் குறையில் நியாயம் உண்டு. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொரு பேர் ஆடித் தோற்ற ஆட்டத்தில், அணியிலிருந்த முஸ்லிம் ஆட்டக்காரர் முகமது ஷமியை மட்டும் துரோகி என்று சமூக வலைத்தளங்களில் ஏசினார்கள். அணித்தலைவர் விராட் கோலி, மதத்தின் பெயரால் ஒருவரைத் தாக்குவது மிகக் கேவலமான செயல் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்காக அவருடைய கைக்குழந்தைக்கே மிரட்டல் வந்தது. மறு ஆண்டு ஒரு கேட்சைத் தவறவிட்டதற்காக அர்ஷ்தீப் சிங் என்னும் சீக்கிய இளைஞரைப் பிரிவினைவாதி என்றார்கள். ஆகவே இந்த நோய் ஒரு சமுதாயத்தை மட்டும் குறிவைப்பதன்று. இன்று ஷமி, நாளை அர்ஷ்தீப், மறுநாள் யாரோ.

ஆனால், இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 2024 நவம்பரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்ததை உங்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அயாக்ஸ் அணியுடன் ஆட வந்த இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணியின் ரசிகர்களில் ஒரு கூட்டத்தார், ஆட்டத்திற்கு முந்தைய இரவே பாலஸ்தீனக் கொடியைக் கிழித்தனர். வாடகைக் கார் ஒன்றைத் தாக்கினர். அரபு மக்களை இழித்துக் கோஷமிட்டனர். நவம்பர் 7 அன்று ஆட்டம் முடிந்த இரவில், நகர இளைஞர்கள் சிலர் அந்த ரசிகர்களைத் தேடித்தேடி அடித்தனர். யூதர்களை வேட்டையாடுவோம் என்ற அழைப்பு செய்திக் குழுக்களில் சுற்றியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மறுநாள் உலக ஊடகங்களில் பல இரண்டாவது இரவை மட்டும் காட்டின. மக்காபி ரசிகர்கள் தாக்கிய காட்சியை, அவர்கள் தாக்கப்பட்ட காட்சி என்று சில நிறுவனங்கள் ஒளிபரப்பின. படம்பிடித்த பெண்மணியே முன்வந்து திருத்தக் கோர வேண்டியிருந்தது. யூதர்கள் மீது முற்காலத்தில் நடந்த இனப்படுகொலைகளைக் குறிக்கும் சொல்லை முதலில் பயன்படுத்திய நகர மேயர், அச்சொல் அரசியல் ஆயுதமாக்கப்பட்டதைக் கண்டு, அதைப் பயன்படுத்தியதற்காகப் பின்னர் வருந்தினார். இது ஊடகத்தின் சாய்வு. ஒப்புக்கொள்கிறேன்.

நம் கைபேசிகளில் வந்தது என்ன? முதல் இரவு மட்டும்! கொடி கிழிக்கப்பட்ட காட்சி நமக்கு வந்தது. தரையில் விழுந்து கெஞ்சியவரை உதைத்த காட்சி வரவில்லை, வந்தாலும் நாம் அனுப்பவில்லை. அவர்கள் பாதியை மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டும் நாம் மறுபாதியை மறைத்தோம். காஸாவில் மாண்ட குழந்தைகளுக்காக நம் நெஞ்சு வேகிறது, வேகத்தான் வேண்டும். அதற்காக, பெயரையும் கடவுச்சீட்டையும் கேட்டு வழியில் போகிறவரை அடிப்பது நியாயமாகிவிடுமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிடக் கூடாது என்ற கருத்தை சூரா மாயிதாவின் எட்டாம் வசனத்தில் நாம் ஓதுகிறோம். அது நமக்கு வசதியான நாட்களுக்கு மட்டும் இறங்கிய வசனமன்று.

கடல் கடந்த நகரத்துக்கதை நமக்கெதற்கு என்று எண்ணுகிறவர்களுக்கு இன்னொன்றைச் சொல்கிறேன். 2022 ஆகஸ்ட் 28 அன்று துபாயில் நடந்த இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்திற்குப் பிறகு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இந்து, முஸ்லிம் இளைஞர்களிடையே மோதல் மூண்டது. முஸ்லிம் சிறுமியைக் கடத்த முயன்றார்கள் என்று ஒரு செய்தி. விசாரித்த காவல்துறை அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது என்று மற்றொரு செய்தி, அதுவும் பொய். ஆனால் கோவில் ஒன்றின் வெளியே இருந்த கொடி இறக்கப்பட்டது மெய். அந்நாட்களில் லெஸ்டரைப் பற்றி வந்த பதிவுகளை பிபிசி ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இந்தியாவிலிருந்து எழுதப்பட்டவை என்று தெரிந்தது. அந்த நகரின் ஒரு தெருவையும் பார்த்திராதவர்கள் இங்கிருந்து நெய் ஊற்றினார்கள், அங்கே எரிந்தது. இறுதியில், இரு சமயத் தலைவர்களும் சேர்ந்து எழுதிய அமைதி அறிக்கையை இந்துத் தலைவர் ஒருவர் பள்ளிவாசலின் வாயிலில் நின்று வாசித்தார்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். 2018 ஆம் ஆண்டு, வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. பேரப்பிள்ளைகள் உள்ள வீடு, பயந்துவிட்டேன். உறவினர் குழுவுக்கும் பழைய மாணவர் குழுவுக்கும் அதை அனுப்பினேன். நல்லெண்ணத்தில்தான் அனுப்பினேன். மே 9 ஆம் நாள், நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகேயுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்குச் செல்ல வழி தேடி வந்த சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்தத் தாய் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அதே ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நான் அனுப்பிய பதிவு அத்திமூருக்குப் போனதா என்பது எனக்குத் தெரியாது. போகவில்லை என்று சொல்லும் துணிவும் எனக்கில்லை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதீர்கள் என்னும் சூரா ஹுஜுராத்தின் போதனையை அறுபது ஆண்டுகளாகக் கேட்டவன் நான். காதில் விழுந்ததையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் அறிந்தவன். கட்டைவிரல் அழுத்திய அந்த நொடியில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் அறிவுரை மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும் என்கிறேன்.

நம் மண்ணில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. நெஞ்சு உடைந்த அந்தக் கூட்டம் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் அணி திடலைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டது. 2024 ஆகஸ்டில், மருத்துவ மாணவி கொலையுண்ட துயரத்திற்கு நீதி கேட்டு, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் கொல்கத்தாவில் ஒன்றாக வீதியில் நின்றார்கள். 1980 இல் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட அதே கொடிகள்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோட்டையைப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட கோட்டை. 1714 இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து ராஜா தேசிங்கு வீழ்ந்தபோது, அவருடன் சேர்ந்து உயிர் நீத்த நண்பர் மகபத்கான். எதிர்ப்படையின் தலைவரும் முஸ்லிம், தேசிங்கின் உயிர்த்தோழரும் முஸ்லிம். அன்று ஒரு கைபேசி இருந்திருந்தால் அந்தப் போருக்கு என்ன தலைப்பு இட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பாடிய நம் ஊர் மக்கள் அதை நட்பின் கதையாகவே பாடினார்கள்.

நிர்வாகக் குழுவிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, பிற சமுதாயத்தார் நமக்குத் தீங்கு செய்ததாக வரும் எந்தச் செய்தியையும், குழு நியமிக்கும் இருவர் விசாரித்துச் சொல்லும்வரை ஜமாஅத் குழுவில் யாரும் பகிரக் கூடாது. இரண்டு, தவறான செய்தியைப் பகிர்ந்தவர் அதை ஓசையின்றி நீக்கிவிட்டுப் போகாமல், அதே இடத்தில் ‘நான் அனுப்பியது தவறு’ என்று எழுத வேண்டும். மூன்று, அடுத்த போட்டியில் தெருவுக்கொரு அணி, சமுதாயத்திற்கொரு அணி என்று பிரிக்காமல், எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெயரையும் சீட்டுக் குலுக்கி அணி சேர்க்க வேண்டும். நம் பிள்ளைக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தவனைப் பற்றி வரும் பொய்யை நம் பிள்ளை எளிதில் நம்பமாட்டான்.

இரண்டாவது கோரிக்கையை நானே தொடங்கி வைக்கிறேன். 2018 இல் நான் அனுப்பியது தவறு. அந்தத் தாயின் குடும்பத்தார் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.

‘நீங்கள் யார் பக்கம்?’ என்று கேட்ட அந்த மாணவர் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். தம்பி, நடுவர் விசிலைக் கையில் எடுத்தவன் நடந்ததன் பக்கம்தான் நிற்க வேண்டும். நம் பிள்ளையை நேசிப்பதால்தான் அவன் செய்த தவற்றை நான் முதலில் சொன்னேன்.

நம் நாவையும் விரல்களையும் வல்ல அல்லாஹ் காப்பானாக. நம் ஊரில் என்றும் அமைதி நிலவச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.