கைப்பேசித் தமிழைச் சோதித்துப் பாருங்கள்

கல்லணைக் கால்வாயின் கடைமடையான நம்ம பேராவூரணிப் பக்கமும் இப்போ கைப்பேசி வழியா உலகச் செய்தி வருகிறது. பிலிப்பைன்ஸில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலக் குறிப்புகளைக்கூட கைப்பேசியே தமிழாக்கித் தருகிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-இல் தமிழ் சேர்ந்தது. நல்ல வசதிதான். ஆனால், முளைப்புத்திறன் பார்க்காமல் விதை விடுவோமா? அதுபோல இதையும் சோதிக்கணும்.

முதலாவது, உங்களுக்கு நன்கு தெரிந்த விஷயத்தைத் தமிழாக்கிப் படியுங்கள். நெல் குலைநோய்க்கு ஆங்கிலத்தில் ‘பிளாஸ்ட்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வெடிப்பு என்றும் பொருள். ‘நெல் வெடிப்பு’ என்று வந்தால், மற்றதையும் அப்படியே நம்பாதீர்கள்.

இரண்டாவது, அளவு. வெளிநாட்டுப் பரிந்துரை பெரும்பாலும் எக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு எக்டேர் சுமார் இரண்டரை ஏக்கர். எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 40 கிலோதான். நூறையும் ஒரே ஏக்கரில் கொட்டினால் பணமும் போச்சு, பயிரும் சாயும், குலைநோயும் கூடும்.

மூன்றாவது, ‘தெளிக்காதீர்’ என்பது ‘தெளிப்பீர்’ என்று மாறினால் ஆபத்து. மருந்துக் குறிப்பென்றால் ஆங்கில மூலத்தையும் படித்த பிள்ளைகளிடம் காட்டி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

அப்புறமும் சந்தேகமா? மருந்தைக் கலக்கும் முன்பே 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேளுங்கள்; கட்டணம் இல்லை. வேளாண் விரிவாக்க மையத்திலும் விசாரிக்கலாம்.